வண்ணாரப்பேட்டையிலிருந்து தரமணிக்கு

சென்னையில் பட்டறைத் தொழிலைக் கற்றுத்தந்த பள்ளிகள் முதலில் நகரத்தின் வட பகுதியில்தான் எழுந்தன. தொழில் அங்கே இருந்ததே அதற்குக் காரணம். 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை வண்டிகள் ஓடின. பெரம்பூரில் ரயில்வே பட்டறை வளர்ந்தது. 1876-இல் பக்கிங்காம் ஆலையும், சில ஆண்டுகளில் அதன் அருகிலேயே கர்நாடிக் ஆலையும் வந்தன. இரண்டையும் சேர்த்து ஊரார் பின்னி மில் என்றே அழைத்தார்கள். 1875-இல் தொடங்கிய துறைமுக வேலை 1881 புயலில் சிதைந்து, மறுபடி எழுந்தது. பாய்லர், லேத்து, தறி, தோல் ஊறும் தொட்டி எல்லாம் ராயபுரத்தையும் வண்ணாரப்பேட்டையையும் பெரம்பூரையும் சுற்றிக் குவிந்தன.

பொறியாளர்களுக்கான கல்வி வேறு தடத்தில் போயிற்று. 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி பின்னாளில் பொறியியல் கல்லூரியாகி, சேப்பாக்கத்தில் பல பத்தாண்டுகள் இருந்து, 1920-இல் கிண்டிக்குப் போனது. அணை, கால்வாய், சாலை கட்டும் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிப்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. ஆலைக்குத் தேவையான அறிவை உண்டாக்குவது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தக் கல்லூரி நெடுங்காலம் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன். எழும்பூர்ப் பக்கம் இயங்கிய அரசுக் கலைத்தொழில் பள்ளியில் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறை ஒன்றை அவர் தொடங்கினார். பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்குப் பழகியிருந்த வீடுகளில் புதிய உலோகம் விற்குமா என்று அரசுச் செலவில் சோதித்துப் பார்ப்பதுதான் நோக்கம். விற்றது. சில ஆண்டுகளில் அந்தப் பட்டறை ஒரு தனியார் கம்பெனியின் கைக்கு மாற்றப்பட்டது. பள்ளி முயன்று பார்த்தது, அரசு செலவை ஏற்றது, தனியார் ஏற்று நடத்தினார்கள். நூறு ஆண்டு கழித்துத் தரமணியில் பெரிய அளவில் நடந்த காரியத்தின் முதல் வடிவம் இதுதான் என்று சொல்லலாம்.

அடுத்து அவர் தொட்டது தோல். தென்னாட்டில் தோல் பதனிடுவது ஆவாரம்பட்டையை நம்பியிருந்தது. பட்டைச் சாற்றில் தோல் வாரக் கணக்கில் ஊற வேண்டும். ஊறி வந்த தோலும் ஓயாமல் தண்ணீரில் கிடந்தால் சீக்கிரம் அழுகும். கிணற்றிலிருந்து கவலை இறைக்கும் உழவருக்கு இது பெருஞ்செலவு. சாலின் தோலை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் சில நாட்களில் தயாராகும், தண்ணீரையும் தாங்கும். சாட்டர்டன் அந்த முறையைச் சென்னையில் சோதித்து, கவலைச் சாலுக்கும் செருப்புக்கும் ஏற்ற தோலை அரசுப் பட்டறையில் செய்து காட்டினார். 1908-இல் உதகையில் நடந்த தொழில் மாநாட்டை ஒட்டி, மாகாணத்தில் தொழில் துறை இயக்குநர் பதவி உருவானது. அதில் அவரே அமர்ந்தார்.

எதிர்ப்பு உடனே வந்தது. அரசே தொழில் நடத்தினால் தங்கள் வியாபாரம் என்னாவது என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் முறையிட்டார்கள். இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி 1910-இல் லண்டனிலிருந்து உத்தரவு அனுப்பினார்: அரசு தொழிற்கல்வி தரலாம், தொழிலை நடத்தக் கூடாது. குரோம் பதனிடும் பட்டறை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. கற்பிப்பதையும் உற்பத்தி செய்வதையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் முயற்சி அத்துடன் நின்றது. சென்னை இழந்தவற்றுள் இது பெரிதாகப் பேசப்படாத ஒன்று. ஆனால் அடுத்த நூறாண்டுக் கதையில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளைத்தது.

அனுமதிக்கப்பட்ட பாதி, அதாவது கல்வி, விரைவில் வளர்ந்தது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோல் தேவைப்பட்டபோது, சென்னையில் பட்டை பதனிட்ட மாட்டுத்தோலுக்குக் கிராக்கி ஏறியது. 1915-இல் தோல் தொழிற்பள்ளி தொடங்கி, வண்ணாரப்பேட்டையில் நிலைகொண்டது. 1916-இல் பிராட்வேயில் மதராஸ் தொழிற்பள்ளி வந்தது. 1922-இல் நெசவுக்கான அரசு நிறுவனம். அதே 1922-இல் தொழில்களுக்கு அரசு கடனுதவி தர வழி செய்யும் சட்டத்தை மதராஸ் மாகாணம் இயற்றியது. மாணவர் பள்ளியிலிருந்து நடந்தே தோல் மண்டிக்கும் ஆலைக்கும் அச்சுக்கூடத்துக்கும் போய்வரக்கூடிய தூரம். ஆலையில் மேஸ்திரியாக இருப்பவரும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவரும் ஒரே தெருவில் புழங்கும் அமைப்பு அது. வட சென்னைக்கு அப்படி ஒரு காலம் இருந்தது.

விடுதலைக்குப் பின் தொழில் வடக்கே இன்னும் நீண்டது. வடசென்னையின் பெரிய ஆலைகள் பல 1948-க்கும் 1970-க்கும் இடையில் வந்தவை. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டுடன் கைகோத்து 1950-களின் நடுவில் அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட். அங்கேயே சாணைக்கல்லும் தேய்ப்புத் தாளும் செய்யும் கார்போரண்டம் யூனிவர்சல், 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளுடன் சேர்ந்து தொடங்கியது. தீப்பெட்டி செய்த விம்கோ அதற்கு முன்பே இருந்தது. ஆலை மூடிய பிறகும் அதன் பெயர் ஊருக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மணலியில் 1965-இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969 முதல் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தது; இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அதில் பங்குதாரர்கள். பக்கத்தில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். எண்ணூரில் 1970 முதல் அனல் மின் நிலையம்.

இந்த ஆலைகளுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு. தொழில்நுட்பம் என்ஃபீல்டின் ஊரான ரெடிட்சிலிருந்தும் லேலண்டிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரைபடமாகவே வந்து இறங்கியது. வெளிநாட்டில் தீர்ந்துபோன ஒரு கணக்கை இங்கே சரியாகப் போட்டுக் காட்டுவதே முதல் சவால். உதிரி பாகங்களை ஒவ்வொன்றாக உள்ளூரிலேயே செய்யப் பழகியது பெரிய சாதனை. திருவொற்றியூரின் பிட்டர்களும் டர்னர்களும் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் புதிய எஞ்சினை யோசிப்பது, புதிய வினையூக்கியைத் தேடுவது ஆகியவை ஒப்பந்தத்தில் அயல்நாட்டுக் கம்பெனியின் பக்கமே இருந்தன. பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட ஆலைக்கு அப்போது அவசரம் ஏற்படவில்லை.

அதே ஆண்டுகளில் பள்ளிகள் தெற்கே நகர்ந்தன. பிராட்வேயின் தொழிற்பள்ளி பெயர் மாறி மாறிச் சென்ட்ரல் பாலிடெக்னிக் ஆகி, 1950-களின் பிற்பகுதியில் அடையாறைத் தாண்டித் தரமணிக்குப் போனது. தோல் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் நெசவுக் கல்விக்கூடமும் காலப்போக்கில் அதே வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. தரமணியில் அப்போது இடம் தாராளம்; வண்ணாரப்பேட்டையில் ஒரு கொட்டகை போடக்கூட இடமில்லை. நிர்வாகக் கண்ணோட்டத்தில் முடிவு சரிதான். அந்த இடம் இன்றும் ஆட்டோக்காரர்களுக்குச் சி.பி.டி. வளாகம்தான்.

தெற்கில் ஏற்கெனவே ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் 1944-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரி கிண்டியில் வந்தது. 1948-இல் அதன் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐ.ஐ.டி. இவற்றில் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாறு தனித்துப் பார்க்க வேண்டியது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா, விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் போதாது, தொழிற்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். பக்கத்துக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பம் படித்தவர்கள் நிலையத்தில் பயின்று, பிறகு பதனிடும் தொழிற்கூடங்களுக்குப் போனார்கள். பெரியமேட்டின் தோல் வணிகரும் ஆம்பூர், வாணியம்பாடி முதலாளிகளும் ஆலோசனைக்கு அடையாறு வந்தார்கள். பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தொழில், முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் மாறியதில் இந்த உறவுக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டடத்தை வாடகைக்கு விடும் பூங்கா எதுவும் அங்கே இருக்கவில்லை. பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், ஆலை என்ற மூன்றும் தினமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அரசும் தனியாரும் சேர்ந்து முதல் போடும் முறை தமிழ்நாட்டுக்கு 'கூட்டுத் துறை' என்ற பெயரில் வந்தது. 1965-இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம், அதாவது டிட்கோ, தனியாருடன் பங்கு போட்டுக் கம்பெனிகளை உருவாக்கியது. தொழிலை நடத்துவது தனியார் பொறுப்பு. நிலம், அனுமதி, ஆரம்ப முதலில் ஒரு பகுதி அரசுடையது. டாட்டாவுடன் சேர்ந்து தொடங்கிய டைட்டன் இதில் நாடறிந்தது. மணலியும் இதே முறையில் வளர்ந்த இடம். சலவைத்தூளுக்கு மூலப்பொருள் செய்யும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் 1980-களில் டிட்கோவும் ஸ்பிக்கும் சேர்ந்து அமைத்த கம்பெனி. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் மண்ணெண்ணெயை எடுத்துப் பக்கத்து ஆலை வேறொரு பொருளாக்கும். அதற்குக் குழாய்தான் பாலம்.

அதே டிட்கோதான் அடுத்த பத்தாண்டில் தரமணிக்குப் போனது. எல்காட்டுடன் சேர்ந்து அது கட்டிய டைடல் பூங்கா 2000 ஜூலை 4 அன்று பிரதமர் வாஜ்பாயியால் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடி. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல், இணைய இணைப்பு ஆகியவற்றை அரசுக் கம்பெனி தயாராக வைத்திருக்கும். மென்பொருள் கம்பெனி மேசையைப் போட்டு வேலையைத் தொடங்கலாம். உயிரித் தொழில்நுட்பத்துக்கு டைசல் பூங்கா. அதைத் திட்டமிடுவதில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் ஆலோசனை தந்தது. பிறகு டாட்டா ரியால்ட்டியுடன் சேர்ந்து ராமானுஜன் தகவல் தொழில்நுட்ப நகரம். மணலியில் ரசாயனத்துக்குப் பயன்பட்ட கூட்டுத் துறை முறை, தரமணியில் சதுர அடிக்குப் பயன்பட்டது. ஒரே கழகம், ஒரே ஒப்பந்த அனுபவம். விளைந்த வேலைகளும் அவற்றைச் செய்தவர்களும் வேறு.

இந்தப் பூங்காக்கள் வேலைவாய்ப்பைப் பெருக்கின. ராஜீவ் காந்தி சாலையின் முகத்தையே மாற்றின. ஆனால் வேலியின் அந்தப் பக்கம் ஐ.ஐ.டி. இருப்பதற்கும் இந்தப் பக்கம் கம்பெனி இருப்பதற்கும் இடையே எந்தக் கட்டாயமும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்கா வந்தது.

உலகில் இதற்கு முன்னோடிகள் உண்டு. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1951-இல் தன் உபரி நிலத்தைக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டது. பொறியியல் புலத் தலைவர் ஃபிரெடெரிக் டெர்மன், வருகிற கம்பெனி பல்கலைக்கழகத்துக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றார்; முதலில் வந்தது வேரியன். 1970-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி, போர்க்காலத்தில் டாங்கிகளைத் தயார்படுத்தப் பயன்பட்ட தன் நிலத்தை அறிவியல் பூங்காவாக்கியது. தைவானின் சின்ச்சு பூங்கா 1980-இல் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பக்கத்தில் அரசால் தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1980-களின் நடுவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பொறியியல் கல்லூரிகளை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்காக்களைத் தொடங்கியது; திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுந்தது அவற்றுள் முந்தியவற்றில் ஒன்று. அவை சிறு அளவில் நல்ல பணி செய்தன. பெரிய கம்பெனிகளைக் கல்வி வளாகத்தோடு கட்டிவைக்கும் வலு அவற்றுக்கு இருக்கவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் அந்த யோசனையை முன்னெடுத்தவர்கள் அப்போதைய இயக்குநர் எம்.எஸ். அனந்தும் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும். மாநில அரசு தரமணிப் பக்கம் சுமார் 11 ஏக்கர் நிலம் தந்தது. லாப நோக்கில்லாத தனிக் கம்பெனி ஒன்று பதிவு செய்யப்பட்டது. 2010-இல் முதல் கட்டடம் இயங்கத் தொடங்கியது; அடுத்த கட்டடங்கள் சேர்ந்து பரப்பு 12 லட்சம் சதுர அடியைத் தொட்டது. பல்கலைக்கழகம் ஒன்றே முன்னின்று அமைத்த ஆய்வுப் பூங்கா இந்தியாவில் இதுதான் முதலாவது.

பூங்காவின் அசல் கண்டுபிடிப்பு அதன் குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது. தான் எடுத்த பரப்புக்கு ஏற்ப ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு 'கிரெடிட்' சேர்க்க வேண்டும். ஐ.ஐ.டி. ஆசிரியருடன் கூட்டு ஆய்வு செய்தால் கிரெடிட். ஆலோசனைக்கு அமர்த்தினால் கிரெடிட். மாணவரைப் பயிற்சிக்கு எடுத்தால், தன் ஊழியரை அங்கே முதுநிலை ஆய்வுக்கோ முனைவர் பட்டத்துக்கோ சேர்த்தால் அதற்கும் உண்டு. நல்ல முகவரிக்காக மட்டும் வருகிற கம்பெனிக்கு இங்கே வேலையில்லை. ரியல் எஸ்டேட்டையும் ஆய்வுப் பூங்காவையும் பிரிக்கும் கோடு இந்த ஒரு விதிதான். கண்ணாடிக் கட்டடமும் பெயர்ப்பலகையும் எங்கும் கிடைக்கும்.

நடைமுறையில் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அங்கே வளர்ந்த கம்பெனிகளே சான்று. ஏதர் எனர்ஜியைத் தொடங்கியவர்கள் ஐ.ஐ.டி. மாணவர்கள்; மின்சார ஸ்கூட்டரின் ஆரம்ப வேலைகள் இங்கே நடந்தன. 2017-இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸ், அச்சிட்ட எஞ்சின் பொருத்திய ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. 2015-இல் தொடங்கிய பிளானிஸ், தண்ணீருக்கடியில் இறங்கிக் கப்பலின் அடிப்பகுதியையும் துறைமுகத் தூண்களையும் அணைச் சுவரையும் பார்த்துவரும் இயந்திரங்களைச் செய்கிறது. சோதனைத் தொட்டி கடல் பொறியியல் துறையில் இருக்கிறது. கம்பெனி சாலைக்கு அப்பால் இருக்கிறது. மாணவர் இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் போய்வருகிறார். வண்ணாரப்பேட்டைத் தோல் பள்ளிக்கும் மண்டிக்கும் இடையே இருந்த நெருக்கம் இங்கே மறுபடி உருவாகியிருக்கிறது.

வட சென்னைக்கு வந்த அரசு - தனியார் கூட்டு வேறு வகை. 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், கம்பெனிச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தியாவின் முதல் பெருந்துறைமுகம். மின்வாரியத்தின் நிலக்கரியைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து விலக்கி இறக்கவே அது கட்டப்பட்டது. 2014 முதல் காமராஜர் துறைமுகம். நிலமும் கடலோரமும் துறைமுகக் கம்பெனியுடையவை. நிலக்கரி, எண்ணெய், சரக்குப் பெட்டகம் ஆகியவற்றுக்கான தளங்களைத் தனியார் கட்டி, குறிப்பிட்ட காலம் நடத்தி, வருவாயில் பங்கு தருவார்கள். சென்னைத் துறைமுகத்திலும் 2001 முதல் பெட்டகத் தளம் தனியார் கையில். இந்த ஒப்பந்தங்களின் அளவுகோல் டன், பெட்டகம், வருவாய்ப் பங்கு. தளத்தை நடத்துபவர் ஆண்டுக்கு இத்தனை ஆய்வில் பங்கெடுக்க வேண்டும், இத்தனை மாணவரை ஏற்க வேண்டும் என்ற தரமணி விதியைப் போன்ற ஒன்று துறைமுக ஒப்பந்தங்களில் இடம்பெற்றிருந்தால் காசிமேடு, எர்ணாவூர்ப் பிள்ளைகளுக்குக் கதவு ஒன்று திறந்திருக்கும். அப்படிக் கேட்கும் மரபு துறைமுகத் துறையில் உருவாகவில்லை.

இத்தனைக்கும் இந்தக் கடற்கரை ஆய்வுக்கே பிறந்தது போன்றது. சென்னைக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்தின் கல் சுவர் அதை மறித்தது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வரவு நின்ற வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. மீனவக் குப்பங்கள் வீடுகளை இழந்தன. சாலையும் பல முறை அறுபட்டது. கருங்கல்லைக் கரையோரம் கொட்டிக்கொண்டே இருந்தும் தீரவில்லை. கடைசியில், 2004-ஐ ஒட்டி, கரைக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் கல் வரிசைகள் போடப்பட்டன. அவற்றை வடிவமைத்தது ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. மீனவர்கள் அவற்றைத் தூண்டில் வளைவு என்கிறார்கள். வளைவுகளுக்கிடையே மணல் தங்கியது. சில இடங்களில் படகு இழுத்துப் போடக் கரை மீண்டது. வடக்கின் பிரச்சினைக்கும் தெற்கின் அறிவுக்கும் நடந்த சந்திப்புகளில் கண்ணால் பார்க்கக்கூடியது இது.

ஆனால் அந்த அறிவு நிலையாகத் தங்கும் இடம் வடக்கே அமையவில்லை. 2008-இல் உருவான இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நகரத்தின் தென்கோடியில். துறைமுகங்களுக்கும் கடலோரத்துக்குமான தேசியத் தொழில்நுட்ப மையத்தை மத்திய அரசு ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைத்தது; 2023 ஏப்ரலில் அது கேளம்பாக்கத்தை ஒட்டிய தையூர் வளாகத்தில் திறக்கப்பட்டது. அங்கிருந்து காமராஜர் துறைமுகத்துக்கு வர நகரத்தை நீளவாக்கில் முழுதாகக் கடக்க வேண்டும். துறைமுகத்தின் வாசலில் இருக்க வேண்டிய மூன்றாவது தலைமுறைக் கல்விக்கூடமும் இப்படித் தெற்கே போனது.

வடக்கே ஆய்வே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் எண்ணூருக்கு மேற்கே வெள்ளிவாயல்சாவடியில் இருக்கிறது. நாட்டின் கனரக வாகன ஆய்வில் முக்கியமான இடம். அதே கம்பெனி, ஐ.ஐ.டி.யின் எரிதல் ஆய்வு மையத்தோடும் அங்கே முளைத்த ஏரோஸ்ட்ரோவிலோஸ் என்ற இளம் நிறுவனத்தோடும் சேர்ந்து, சிறிய டர்பைன் பொருத்திய கலப்பின மின் வாகனத்துக்கான முயற்சியிலும் இறங்கியது. எண்ணூருக்கும் தரமணிக்கும் இடையில் உறவு சாத்தியம் என்பதற்கு இது போதிய சான்று. பெரிய கம்பெனிக்குத் தனக்கென ஆய்வுக்கூடம் கட்டிக்கொள்ளும் வசதி உண்டு. இருபது பேர் வேலை செய்யும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை லேத்துப் பட்டறைக்கு அது இல்லை. உலோகத்தின் கடினத்தைச் சோதிக்க, வார்ப்பின் உள்விரிசலைப் படம் பிடிக்க, புதிய வரைபடத்தை ஒரு பொறியாளரிடம் காட்டிக் கேட்க, அந்தப் பட்டறைக்காரர் பொதுக் கூடம் ஒன்றைத்தான் நம்ப முடியும். பல்கலைக்கழகப் பூங்கா என்பது அடிப்படையில் அந்தப் பொதுக் கூடம்.

ஆய்வுக்கான தேவையும் பகுதியிலேயே கிடக்கிறது. அனல் மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்து, இறால் பிடித்தவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் ஒதுங்கியதை வாளியால் மொண்டு அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினார்கள். சாம்பலைக் கட்டுமானப் பொருளாக்குவது, குழாயின் அரிப்பை முன்கூட்டிக் கண்டறிவது, எண்ணெயை விரைந்து உறிஞ்சுவது ஆகிய மூன்றுமே ஆய்வுப் பூங்காவில் இளம் நிறுவனங்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலைகள். குழாய்களைக் கண்காணிக்கும் கருவி செய்யும் டிடெக்ட் டெக்னாலஜீஸ் ஐ.ஐ.டி.யில்தான் வளர்ந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை வடக்குக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பின்னி மில் 1996-இல் மூடியது. 1918-இல் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதி அது. விம்கோ மூடியது. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் பழைய அலகுகள் 2017-இல் நின்றன. மூடிய ஆலை நிலம் பெரும்பாலும் குடியிருப்பாகவும் சரக்குக் கிடங்காகவும் மாறுகிறது. 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் போலப் பழம்பெருமை பேசும் இடங்கள் இருக்கின்றன. பட்டறைக்கும் பாடத்துக்கும் ஒதுக்கிய ஏக்கர் அரிது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதால், திருவொற்றியூர் மாணவர் வண்டி மாறாமலே கிண்டி போய்ச்சேர முடிகிறது.

அரசின் பார்வை அண்மையில் வடக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2024 மார்ச்சில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் இளைஞர்கள் படிக்கவும் சிறு நிறுவனங்கள் மேசை போட்டு வேலை செய்யவும் ஏற்ற முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்காவும் அதே மாதம் திறக்கப்பட்டது. படைப்பகம் தனியாளுக்கு இடம் தருகிறது. பட்டாபிராம் பூங்கா கம்பெனிக்கு அலுவலகம் தருகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பட்டையில், குத்தகையோடு ஆய்வுக் கடமையையும் சேர்த்து எழுதும் பூங்கா இன்னும் தொடங்கப்படவில்லை.